பெறுதலும் பெற்றுக்கொள்ளுதலும்: பெற்றோராகும் முடிவும் தமிழ்ச் சொல்லாட்சியும்

பிள்ளை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதை ஒருவர் தாமே எண்ணித் துணிய வேண்டிய ஓர் ஒழுக்கச் சிக்கலாகக் கருதும் எழுத்துகள் அண்மைக் காலத்தில் பிற மொழிகளிலிருந்து தமிழுக்கு மிகுதியாக வரத் தொடங்கியுள்ளன. நீதிமன்றத் தீர்ப்புகள், மெய்யியல் நூல்கள், மருத்துவ ஆலோசனை ஏடுகள், நாளிதழ்ச் செய்திகள் எனப் பல வகையாக அவை அமைகின்றன. இவற்றை மொழிபெயர்ப்போர் தமிழில் இதற்குரிய கலைச்சொற்கள் இல்லை எனக் குறைபடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இக்குறை பொருந்தாது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஒரு செயலில் யாருடைய விருப்பம் இயங்குகிறது, யாருக்கு அது நேர்கிறது என்பவற்றைத் தமிழ் தன் வினையமைப்பிலும் வேற்றுமையமைப்பிலும் மிக நுட்பமாகக் காட்டுகிறது. அந்நுட்பத்தை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல் தேடிச் செல்லும்போதுதான் மொழிபெயர்ப்பாளர் தம்மை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

எடுத்துக்காட்டுகளிற் பெரும்பாலானவை மும்பைத் தமிழிலிருந்து தரப்படுகின்றன. தாராவித் தமிழருள் மிகப் பலர் தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற உடலுழைப்புக்குமாகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோரின் வழியினர். மாட்டுங்காவில் அலுவலகப் பணி நாடி வந்த குடும்பங்கள், குறிப்பாகப் பிராமணக் குடும்பங்கள், மிகுதி. செம்பூரில் இருவகையினரும் உளர். மூவிடத்துத் தமிழும் மராத்தியோடும் இந்தியோடும் நாள்தோறும் உறவாடுவதால், தமிழுக்கே உரிய அமைப்பு எது, அயல்மொழிகளோடு பொதுவானது எது என்பது இங்கு எளிதில் புலப்படும். கட்டுரையாளர் செம்பூரில் வாழ்பவர் என்பதும் ஒரு காரணமே.

‘வேண்டாம்’ என்னும் சொல்

இப்பொருளில் என் கவனம் திரும்பியதற்கு என் பிழையொன்றே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில் ஒரு மருத்துவமனையில், தாராவியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மொழித்துணையாக நிற்க நேர்ந்தது. அவர் மூன்றாம் முறையாகக் கருவுற்றிருந்தார். மருத்துவர் மராத்தி பேசுபவர். ‘எனக்குப் பிள்ள வேண்டாம்க்கா’ என்றார் அப்பெண். நான் அதைத் ‘திலா ஹே மூல் நகோ’ என்று மருத்துவரிடம் கூறினேன். ‘இவருக்கு இந்தக் குழந்தை வேண்டாம்’ என்பது அதன் பொருள். மருத்துவர் கருக்கலைப்புக்குரிய வினாக்களைக் கேட்கத் தொடங்கினார். சிறிது நேரம் கழித்தே பேச்சு எங்குச் செல்கிறது என்பதை அப்பெண் உணர்ந்தார். ‘ஐயோ, இத இல்லக்கா, இதுக்கப்புறம் வேண்டாம்னுல்லா சொன்னேன்’ என்று பதறினார். இந்தப் பிரசவத்தோடு அறுவை செய்துகொள்ள வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

‘ஹே’ என்னும் சுட்டு அவர் கூற்றில் இல்லை. அதைச் சேர்த்தவள் நான். மராத்தியிலும் வேண்டும்/வேண்டாம் இணைக்கு நிகராக ஹவே/நகோ என்னும் இணை உண்டு. அங்கும் விரும்புவோர் நான்காம் வேற்றுமையையொத்த வடிவிலேயே வருவர். ‘திலா மூல் நகோ’ என்று மட்டும் சொல்லியிருந்தால் தமிழில் இருந்த பலபொருள்நிலை அப்படியே மராத்திக்குச் சென்றிருக்கும். மருத்துவரும் ‘எந்தக் குழந்தை?’ என்று கேட்டிருப்பார். தெளிவுபடுத்த வேண்டும் என்ற ஆர்வமே இங்குத் தவறாயிற்று.

‘எனக்குக் குழந்தை வேண்டாம்’ என்னும் தொடருக்குக் குறைந்தது மூன்று பொருள் உண்டு. எக்காலத்தும் பிள்ளை பெற்றுக்கொள்ள விரும்பவில்லை என்பது ஒன்று. இருப்பவை போதும் என்பது மற்றொன்று. வயிற்றில் உள்ள இதுவே வேண்டாம் என்பது மூன்றாவது. ஒழுக்கவியல் நோக்கில் இவை மூன்றும் முற்றிலும் வேறுபட்ட முடிவுகள். முதலிரண்டில் மறுக்கப்படும் குழந்தை எங்கும் இல்லை. மூன்றாவதில் ஒரு கரு இருக்கிறது. தமிழில் பெயரின் குறிப்பிட்ட தன்மையை உணர்த்த இரண்டாம் வேற்றுமை உருபு பெரிதும் பயன்படுவதை அறிவோம்: ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’. ஆனால் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ ஆகியவை பொதுவழக்கில் எழுவாய் வடிவப் பெயரையே கொள்வதால், இவ்வேறுபாட்டைக் காட்டும் வாயில் அங்கு அடைபட்டுவிடுகிறது. சூழலே பொருளைத் தீர்மானிக்கிறது. சூழல் அறியாத மொழிபெயர்ப்பாளர் கேட்டுத் தெளிவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த மயக்கத்தின் விளைவை 2008ஆம் ஆண்டு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்றைத் தமிழில் எடுத்துரைக்க முயலும்போது நன்குணரலாம். நிகேதா மேத்தா, அவர் கணவர், மருத்துவர் நிகில் தாதார் ஆகியோர் தொடுத்த வழக்கு அது. கருவிலிருந்த சிசுவின் இதயத்தில் கடும் குறைபாடு உள்ளமை, 1971ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த 20 வார வரம்பு கடந்த பின்னரே தெரியவந்தது. கருவை முடிவுக்குக் கொண்டுவர இசைவு கேட்டனர். ஆகஸ்டுத் தொடக்கத்தில் நீதிமன்றம் மறுத்தது. அம்மாதத்திலேயே கரு தானாகக் கலைந்தது. நாடெங்கும் வாதங்கள் எழுந்தன. ஊனமுற்றோர் உரிமை பேசுவோர் ஒருபுறமும் பெண்ணின் உரிமை பேசுவோர் மறுபுறமும் நின்றனர்.

இதைத் தமிழில் ‘அத்தம்பதியர் குழந்தை வேண்டாம் என்றனர்’ என எழுதினால் முதற்பொருளே முந்தி நிற்கும். பிள்ளையே விரும்பாதவர் என்றாகும். ‘அக்குழந்தை வேண்டாம் என்றனர்’ எனின், பிறந்துவிட்ட ஒரு குழந்தையைக் கைவிட்டதாக ஒலிக்கும். ‘ஊனமுற்ற குழந்தை வேண்டாம் என்றனர்’ எனின் வழக்கின் ஒரு தரப்பார் வாதத்தையே செய்தியாக்கியவராவோம். ‘கருவைக் கலைக்க இசைவு கேட்டனர்’ என்பது இவற்றைவிட நேர்மையானது. அதுவும் முற்றிலும் நடுநிலையானதன்று. சட்டம் பயன்படுத்தும் ஆங்கிலத் தொடர் ‘கருவுற்ற நிலையை மருத்துவ முறையில் முடிவுறுத்துதல்’ என்றே பொருள்படும். முடிவுறுவது ஒரு நிலை, கலைக்கப்படுவதோ கரு. செயப்படுபொருள் மாறிவிடுகிறது.

எனினும் ‘கலை’ என்னும் வினையில் தமிழ் தரும் ஒரு வசதி உண்டு. ‘கரு கலைந்தது’, ‘கருவைக் கலைத்தாள்’ என ஓர் எழுத்து வேறுபாட்டில் தன்வினையும் பிறவினையும் பிரிந்து நிற்கின்றன. நீதிமன்றம் மறுத்தது கலைத்தலை. பின்னர் நிகழ்ந்தது கலைதல். ‘கருச்சிதைவு’ என்னும் சொல்லை இரண்டுக்கும் பொதுவாக ஆளும் இன்றைய இதழ்வழக்கு இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. தானாகக் கரு இழந்த பெண்ணையும் முடிவெடுத்துக் கலைத்த பெண்ணையும் ஒரே சொல்லால் சுட்டுவது இருவருக்கும் இழைக்கும் அநீதியாகும்.

பேறு, கடன்

பிள்ளைகளைப் பற்றிய தமிழின் உயர்வழக்குச் சொற்கள் பெரும்பாலும் ‘பெறு’ என்னும் அடியைச் சார்ந்தவை. மகப்பேறு, மக்கட்பேறு, பிள்ளைப்பேறு, பேறுகாலம், பெற்றோர். ‘பேறு’ என்பது பெறப்பட்டது, வாய்த்தது. நற்பேறு என்பதில் அமைந்த அதே பேறு. கிடைத்தற்கரிய ஒன்றை அடைதலைக் குறிக்கும் இச்சொல்லோடு ‘வேண்டாமென முடிவு செய்தல்’ எளிதில் ஒட்டுவதில்லை. வாய்ப்பை மறுப்பவன் பேதை என்னும் குறிப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘பெற்றோர்’ என்னும் சொல்லின் வடிவமும் நோக்கத்தக்கது. அது இறந்தகால வினையாலணையும் பெயர். பெற்று முடித்தவரையே அது சுட்டும். எதிர்கால வடிவமான ‘பெறுவோர்’ ஊதியம் பெறுவோருக்கும் பயன்பெறுவோருக்கும் உரியதாகிவிட்டது. பிள்ளை பெற எண்ணுவோரை அச்சொல் சுட்டுவதில்லை. ஆகவே, பெற்றோராவதா வேண்டாமா என எண்ணிக்கொண்டிருப்பவர் நிற்கும் இடத்துக்குத் தமிழில் பெயரில்லை. முடிவெடுக்கும் அந்த இடைக்காலம் பெயர்ச்சொல்லின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

திருக்குறளின் ஏழாம் அதிகாரம் இன்றைய பதிப்புகளில் ‘மக்கட்பேறு’ எனப் பெயர் பெற்றிருப்பதும், பரிமேலழகர் பாடத்தில் அது ‘புதல்வரைப் பெறுதல்’ என்றிருப்பதும் பலரும் அறிந்ததே. மக்கள் என்பது இருபாலார்க்கும் பொது என்பதாலேயே முன்னைய தலைப்பு இன்று விரும்பப்படுகிறது. பால் வேறுபாட்டுக்கு அப்பால் இன்னொரு வேறுபாடும் உண்டு. ‘பெறுதல்’ தொழிற்பெயர், அதில் வினை இன்னும் உயிரோடிருக்கிறது. ‘பேறு’ முதனிலை திரிந்த தொழிற்பெயராகத் தோன்றிப் பயனைக் குறிக்கும் பெயராக நிலைத்துவிட்டது, வினைமுதல் மறைந்துவிட்டது. பரிமேலழகரோ அந்தப் பெறுதலையும் தென்புலத்தார்க்கு இறுக்கும் கடனாக விளக்குகிறார். புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு (312) ஈன்று வளர்த்தலைத் தாயின் கடன் என்கிறது. நோக்கம் வேறுபடினும் சொல் ஒன்றே. பேறு வாய்ப்பது, கடன் கழிக்க வேண்டியது. இரண்டிலும் தேர்வுக்கு இடமில்லை.

பிள்ளை இல்லாதவரைச் சுட்டும் சொற்களிலும் இதே நிலைதான். மலடு, மலடி, வட்டாரத்தில் வறடன், வறடி. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலின் துயரமே இச்சொற்களின் துயரம் எனலாம். அது விரும்பியும் வாய்க்காதவர் கதை. வாய்க்கக்கூடியதை விரும்பாதவர்க்கும் இதே சொற்களே எறியப்படுகின்றன என்பதே நம் சிக்கல். ‘குழந்தையற்றோர்’, ‘குழந்தையிலி’ எனக் கலைச்சொல் படைத்தாலும் பயனில்லை. அறு, இல் ஆகிய இரண்டும் இன்மையைச் சொல்லுமேயன்றி விருப்பத்தைச் சொல்லமாட்டா. ‘குழந்தை விடுபட்டோர்’ எனச் சிலர் எழுதக் கண்டிருக்கிறேன். வாக்காளர் பட்டியலில் விடுபட்டோர்தாம் நினைவுக்கு வருகின்றனர்.

துணைவினைகளின் சாட்சியம்

பெயர்ச்சொற்கள் கைவிட்ட இடத்தில் வினை உதவுகிறது. ‘அவளுக்குக் குழந்தை பிறந்தது’ என்பதில் அவள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறாள். நிகழ்ச்சி அவளுக்கு நேர்கிறது. ‘உண்டாகியிருக்கிறாள்’, ‘முழுகாமல் இருக்கிறாள்’ போன்ற மங்கல வழக்குகளிலும் அவள் விருப்பம் பேசப்படுவதில்லை. ‘அவள் குழந்தை பெற்றாள்’ என்பதில் அவள் எழுவாய்; ஆயினும் விருப்பம் தெரியவில்லை. ‘அவள் குழந்தை பெற்றுக்கொண்டாள்’ என்றதும் விருப்பம் வந்துவிடுகிறது.

தமிழ்த் துணைவினைகளை விரிவாக ஆராய்ந்த இ. அண்ணாமலை, ஹெரால்டு ஷிஃப்மன் முதலியோர், அவற்றுட் பல காலத்தன்மையை மட்டுமன்றிப் பேசுவோரின் மனப்பாங்கையும் உணர்த்துவதைக் காட்டியுள்ளனர். ‘பெறு’ என்னும் வினையோடு இவை சேரும்போது மனப்பாங்கு என்பது தீர்ப்பாகவே மாறிவிடுகிறது. ‘பெற்றெடுத்தாள்’ என்பதில் போற்றுதல் உண்டு. ‘பெற்றுவிட்டாள்’ என்றால் முடிந்தது, இனி மாற்றமில்லை. ‘பெத்துப் போட்டுட்டா’ என்பதில் பொறுப்பின்மைக் குற்றச்சாட்டு. ‘பெத்துத் தொலைச்சிட்டா’ என்பது வெறுப்பின் உச்சம். ‘பெத்துக் குடுத்தா’ என்பதில் பயன் பிறர்க்கு. கணவன் வீட்டுக்கு வாரிசு பெற்றுக் கொடுத்த மருமகளைப் பற்றிப் பேசுகையில் தாராவியிலும் மாட்டுங்காவிலும் ஒருங்கே கேட்கும் தொடர் இது. ‘பெத்துக்கிட்டா’, மாட்டுங்காவில் ‘பெத்துண்டா’, என்பதில் மட்டுமே பயனும் விருப்பமும் அவளுடையவை.

எதிர்மறையில் இது இன்னும் கூர்மையாகிறது. ‘குழந்தை இல்லை’, ‘குழந்தை பிறக்கவில்லை’, ‘குழந்தை பெறவில்லை’, ‘குழந்தை பெற்றுக்கொள்ளவில்லை’ ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தைப் பற்றிய உண்மையாக இருக்கலாம். நான்காவதில்தான் முடிவு இருக்கிறது. செம்பூரில் அண்டைவீட்டார் ஒருவரைப் பற்றி ஒரு மூதாட்டி ‘அவாளுக்குக் கொழந்தை இல்லை’ என்று தொடங்கி, உடனே தன்னைத் திருத்திக்கொண்டு, ‘இல்லைன்னு இல்லை, பெத்துக்கலை’ என்றதைக் கேட்டேன். அத்திருத்தத்தில் இருந்த நேர்மையை எந்தக் கலைச்சொல் அகராதியும் எனக்குத் தரவில்லை. ‘பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டாமென முடிவு செய்தோர்’ என்பது நீளமான தொடர்தான். கலைச்சொல்லாக்கக் குழுவினர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனால் அத்தொடரில் முடிவு செய்தவர் இருக்கிறார். பிள்ளை இல்லாமை ஒரு குறையாக இல்லை.

இங்கு ‘வாடகைத்தாய்’ என்னும் சொல்லையும் சுட்டலாம். பிறர்க்காகப் பெற்றுக்கொடுக்கும் பெண்ணுக்கு மருத்துவச் செலவு, காப்பீடு முதலியவை தவிர வேறு ஊதியம் தருவதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. வாடகை போய்விட்டது; சொல்லில் மட்டும் நிலைத்திருக்கிறது.

ஆட்சியும் கட்டுப்பாடும்

பிள்ளைப்பேற்றை மனிதர் தம் முடிவுக்கு உட்படுத்துவது பற்றிய விவாதம் மும்பைக்குப் புதிதன்று. கணிதப் பேராசிரியராக இருந்த ரகுநாத் தோண்டோ கார்வே 1921ஆம் ஆண்டில் இந்நகரில் கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கினார். ‘சந்ததி நியமன்’ என்பது அவர் ஆண்ட தொடர். 1927இல் தொடங்கிய ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ இதழை 1953இல் இறக்கும்வரை நடத்தினார்; ஆபாசக் குற்றச்சாட்டில் வழக்குகளையும் சந்தித்தார். 1934ஆம் ஆண்டு வழக்கொன்றில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவாகக் கொண்டுவந்த தீர்மானம் தோல்வியுற்றது. கார்வேயும் அவர் மனைவி மாலதியும் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை. ‘பெற்றுக்கொள்ளவில்லை’ என்பதை முழுப்பொருளில் எழுதுகிறேன்.

அதே காலத்தில் தமிழகத்தில் பெரியார் இப்பொருளை எழுதிவந்தார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் ‘கர்ப்பத்தடை’ என்றோர் இயல் உண்டு. உடல்நலம், வறுமை, நாட்டின் மக்கள்தொகை ஆகிய காரணங்களுக்காகப் பிறர் கருத்தடை கோருகையில், தாம் பெண்ணின் விடுதலைக்காகக் கோருவதாக அங்கு அவர் பிரித்துக் காட்டுகிறார். 1930களில் சுயமரியாதை இயக்கத்தார் வழங்கிய இன்னொரு தொடர்தான் மொழியியலாருக்குச் சுவை பயப்பது: ‘கர்ப்ப ஆட்சி’. ஆங்கிலத் தொடரில் கட்டுப்படுத்துதலைக் குறிக்கும் சொல்லுக்கு ‘ஆட்சி’ என்பது மொழிபெயர்ப்பு. ஆள் என்னும் செயப்படுபொருள் குன்றா வினையிலிருந்து பிறந்த பெயர் அது. ஆள்பவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். கர்ப்பத்தை ஆள்பவர் கர்ப்பம் உடையவரேயன்றி வேறு யாராக இருக்க முடியும்?

நாடு விடுதலை பெற்ற பின் அரசு திட்டம் வகுத்தபோது ஆங்கிலப் பெயர் குடும்பத்தைத் ‘திட்டமிடுதல்’ என்று அமைந்தது. இந்தியில் ‘பரிவார் நியோஜன்’, மராத்தியில் ‘குடும்ப நியோஜன்’. கார்வேயின் ‘நியமன்’ ஒழுங்குபடுத்துதலைக் குறிப்பது. அது ‘நியோஜன்’ என மாறித் திட்டமிடலாயிற்று. தமிழிலோ ‘குடும்பக் கட்டுப்பாடு’. மும்பைத் தமிழர் சுவர் விளம்பரத்தில் ஒன்றைப் படித்து, வீட்டில் வேறொன்றைப் பேசினர். ‘கட்டுப்பாடு’ என்பது ‘கட்டுப்படு’ என்பதன் பெயர். படு என்னும் துணைவினை செயப்பாட்டுத் தன்மை உடையது. கட்டுப்படுபவர் தெரிகிறார், கட்டுப்படுத்துபவர் தெரியவில்லை. ‘ஆட்சி’யிலிருந்து ‘கட்டுப்பாடு’ வரை வந்த வழியில் முடிவெடுப்பவர் பெண்ணிலிருந்து அரசுக்கு மாறிவிட்டார். 1975-77 நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாய அறுவைகளுக்குப் பின் 1977இல் திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ ஆயிற்று. பேச்சுவழக்கு அதை ஏற்கவில்லை. மக்கள் தம் போக்கில் ‘ஆப்பரேசன் பண்ணிக்கிட்டா’ என்றனர். மாட்டுங்கா இளைஞர் ‘இப்போ பிளான் பண்ணலை’ என்கின்றனர். ஆங்கிலப் பெயரோடு தமிழ் ‘பண்ணு’ சேர்ந்து, கலைச்சொல் இழந்த வினைமுதலை மீட்டுத் தருகிறது. தூய்மை நாடுவோர் இதைக் கடிவர். நானும் ஒரு காலத்தில் கடிந்தவள்தான்.

நீதிமன்ற மொழியிலும் இதே சிக்கல் தொடர்கிறது. 2009ஆம் ஆண்டு சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண் பிள்ளை பெறுவது பற்றிச் செய்யும் தேர்வு அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனித உரிமையின் கூறு என்றது. பெறுவதும் பெறாமலிருப்பதும் அத்தேர்வில் அடங்கும். இதைத் தமிழில் ‘இனப்பெருக்க உரிமை’ என்று எழுதுகிறோம். இனத்தைப் பெருக்கும் உரிமைக்குள் பெருக்காமலிருக்கும் உரிமையை எப்படி அடக்குவது? உயிரியல் பாடநூலில் தாவரத்துக்கும் தவளைக்கும் பொருந்தும் சொல், முடிவெடுக்கும் மனிதருக்குப் பொருந்துவதில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘மணமான பெண் அல்லது அவள் கணவன்’ என்றிருந்ததை ‘எந்தப் பெண்ணும் அல்லது அவளுடைய இணையரும்’ என்னும் பொருள்பட மாற்றியது. அங்கு ‘துணைவர்’ என மொழிபெயர்த்தால் திருத்தமே வீணாகிவிடும். ‘துணைவர்’ தமிழில் கணவரே. 2022இல் உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் 20 முதல் 24 வாரம் வரையிலான வாய்ப்பு உண்டு என உறுதி செய்ததற்கு அச்சொல் மாற்றமும் ஓர் அடிப்படை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பிறவாமையும் பெறாமையும்

இதுகாறும் பேசியது பெறுபவர் பக்கம். பெறப்படுபவர் பக்கத்திலிருந்து இவ்வினாவை எழுப்பியவரும் மும்பைக்காரரே. 2019 பிப்ரவரியில் ரஃபேல் சாமுவேல் என்னும் 27 வயது இளைஞர், தம் சம்மதமின்றித் தம்மைப் பெற்றதற்காகப் பெற்றோர் மீது வழக்குத் தொடுக்கப்போவதாக அறிவித்தார். பெற்றோர் இருவரும் வழக்கறிஞர்கள். பிறக்கும் முன் அவன் சம்மதத்தை எப்படிப் பெற்றிருக்கலாம் என்பதை அறிவுக்கு ஒத்த முறையில் விளக்கினால் தம் குற்றத்தை ஏற்பதாகத் தாயார் விடையளித்தார். உலகச் செய்தியாகிய இதைப் பலர் நகைச்சுவையாகவே கொண்டனர்.

தமிழருக்கு இது புதுமையாக இருந்திருக்கக் கூடாது. ‘என்னைக் கேட்டா பெத்தீங்க?’ என்று கேளாத பிள்ளை எந்தத் தமிழ் வீட்டில் உண்டு? இவ்வழக்குத்தொடரில் வினா விகுதி ‘பெற்றீர்கள்’ என்னும் முற்றின்மேல் அமையாமல் ‘கேட்டு’ என்னும் எச்சத்தின்மேல் அமைந்துள்ளது. பெற்றது ஐயத்துக்கு இடமில்லாதது. கேட்டது மட்டுமே வினாவுக்கு உரியது. ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு விடை இருக்க முடியாத வினா. ஆகவே அது வினாவாக அன்றி ஊடலாகவும் வசையாகவும் வழங்கிவந்தது. சாமுவேல் செய்தது அதை மீண்டும் வினாவாக்கியமை. இச்செய்தியைத் தமிழாக்குவோர் ‘அனுமதி’ என்னும் சொல்லைத் தேர்ந்தால் பிள்ளை மேலதிகாரியாகவும் பெற்றோர் விண்ணப்பதாரராகவும் ஆகி, நகைப்பு மட்டுமே எஞ்சும். ‘ஒப்புதல்’ கோப்புகளுக்கு உரியது. ‘சம்மதம்’ இரு நிகரானவரிடையே அமைவது, அதுவே பொருந்தும்.

அவர் குற்றச்சாட்டின் உயிர் இன்னோரிடத்தில் உள்ளது. பெற்றோர் தம் மகிழ்ச்சிக்காகவே பிள்ளை பெறுகின்றனர் என்பது அவர் வாதம். அவ்வாறாயின் சரியான தமிழ் ‘என்னைக் கேட்டா பெத்துக்கிட்டீங்க?’ என்பதே. முன் கண்ட ‘கொள்’ இங்கு எதிர்ப்பக்கம் நின்று சாட்சி சொல்கிறது. பெண்ணின் விருப்பத்தைக் காட்டி அவளுக்கு மதிப்புத் தந்த அதே துணைவினை, பிள்ளையின் வாயில் தன்னலக் குற்றச்சாட்டாகிவிடுகிறது. ஒருவர் முடிவுக்கு உரியவர் என்றால் அதற்குப் பொறுப்பாளரும் அவரே. வாய்த்த பேற்றுக்கும் கழித்த கடனுக்கும் எவரும் விளக்கம் கேட்பதில்லை. இதை மறைக்க விரும்பும் மொழிபெயர்ப்பாளர் ‘கொள்’ என்பதை ஓரிடத்தில் சேர்த்து மறுவிடத்தில் விட்டுவிடுவார். இருபுறமும் அது இருக்க வேண்டும்.

இக்கொள்கைக்குத் தமிழில் பெயரிடுவோர் ‘பிறவாமை’யை நாடுவது இயல்பு, அச்சொல்லின் பழமையும் அழகும் அத்தகையன. நான் அதை ஏற்கவில்லை. காரைக்காலம்மையார் வேண்டிய பிறவாமை, இருக்கும் ஓர் உயிர் தனக்காக வேண்டிய வீடுபேறு. வேண்டுபவரும் பிறவாதிருப்பவரும் ஒருவரே. இங்கோ ஒருவர் பெறாதிருக்கிறார். அதனால் மற்றொருவர் பிறக்காதிருக்கிறார். வினை வேறு, வினைமுதலும் வேறு. ‘பெறாமை’ என்பதே நேரானது. அதில் வாய்ப்பிழந்த குறிப்பும் ஒட்டியிருப்பதை மறுக்கவில்லை; ‘பெற்றுக்கொள்ளாமை’ என்று எழுதின் அதுவும் நீங்கும்.

தென்னாப்பிரிக்க மெய்யியலார் டேவிட் பெனட்டார் 2006இல் வெளியிட்ட நூலின் நடுநாயகமான வாதம், இத்தகைய வேறுபாட்டில்தான் தமிழுக்கு எளிதில் வருகிறது. துன்பம் இல்லாதிருத்தல், அதை நுகர ஆளில்லாவிடினும் நன்று. இன்பம் இல்லாதிருத்தல், அதை இழப்பவர் ஒருவர் இருந்தாலன்றித் தீதன்று என்பது அவர் கருத்து. ‘இன்மை’க்கு எழுவாய் தேவையில்லை, ‘இழப்பு’க்குத் தேவை. ஆங்கிலத்தில் பக்கக்கணக்கில் விளக்க வேண்டியதைத் தமிழ் இவ்விரு சொற்களில் பிரித்துவிடுகிறது. வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் படிப்பவர் பாடு. என்னளவில் ஏற்க இயலவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும், மொழிபெயர்ப்பில் ‘இன்பத்தை இழத்தல்’ என எழுதிவிட்டால் வாதம் தொடங்குமுன்பே முறிந்துவிடும்.

‘என்னைக் கேட்டா பெத்தீங்க?’ என்பதற்குத் தாராவியில் தாய்மார் வழக்கமாகக் கூறும் விடையொன்று உண்டு: ‘கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்ப?’ நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கொள்ளும் நிபந்தனைத் தொடர் அது. வழக்கறிஞரான அந்தத் தாயாரின் விடையும் ஏறத்தாழ இதே இடத்தைத்தான் தொடுகிறது. ‘சொல்லியிருப்ப’ என்னும் முன்னிலை விகுதி சுட்டும் ஆள் அக்காலத்தில் இல்லை. தமிழில் முன்னிலை விகுதியின்றி இவ்வினாவை எழுப்ப முடியுமா என்று பலவாறு முயன்று பார்த்தேன். இயலவில்லை.